யாருடைய குரல்? பிலிப் யென்னிங்கரின் அரசியல் வாழ்வும் ஓர் உரையின் இலக்கணமும்

நேர்க்கூற்று, அயற்கூற்று என்னும் பாடத்தை நாம் பெரும்பாலும் தொடக்கநிலை இலக்கணமாகவே கருதுகிறோம். மேற்கோள் குறியை நீக்கி, தன்மை இடத்தைப் படர்க்கையாக மாற்றி, 'என்று' சேர்த்துவிட்டால் பயிற்சி முடிந்துவிடுகிறது. ஆயினும், 1988ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றத்தில் ஆற்றப்பட்ட ஓர் உரையில், சில வாக்கியங்கள் யாருடைய கூற்று என்பது கேட்டவர்களுக்கு விளங்காமற் போயிற்று. மறுநாளே அவ்வுரையை ஆற்றியவர் தம் பதவியைத் துறந்தார். அவர் சாதாரண உறுப்பினர் அல்லர். அந்நாடாளுமன்றத்தின் தலைவரே அவர். பெயர் பிலிப் யென்னிங்கர்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை அரசியல் ஆய்வாளர் ஒருவகையாகவும் வரலாற்றாசிரியர் வேறு வகையாகவும் கூறுவர். மொழியியல் பயின்றோர் என்ற முறையில், அவர் பேசியது என்ன, கேட்டவர்கள் செவியில் விழுந்தது என்ன, அவ்விரண்டுக்கும் இடையே மொழி எவ்வாறு செயற்பட்டது என்பதை நாம் இங்கே ஆராய்வோம்.

வளர்ச்சிப் படிகள்

யென்னிங்கர் 1932ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், தென்மேற்கு ஜெர்மனியில் எல்வாங்கன் நகரை அடுத்த ரிண்டெல்பாக் என்னும் ஊரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். இட்லர் ஆட்சியைக் கைப்பற்றியபோது அவர் கைக்குழந்தை. போர் முடிந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவர். பின்னாளில் அவர் எந்த நிகழ்வை நினைவுகூர்ந்து பேசினாரோ, அந்நிகழ்வு நடந்தபோது அவருக்கு வயது ஆறு. எனவே, அக்கொடுமைகளில் நேரடிப் பங்கு என்று எதுவும் அவர்மீது சுமத்துவதற்கில்லை.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் அரசு நிருவாகப் பணியில் இருந்தபின், 1966 முதல் 1969 வரை நிதியமைச்சர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஸ்ட்ரவுசின் அரசியல் உதவியாளராகப் பணியாற்றினார். 1969ஆம் ஆண்டுத் தேர்தலில் கிறித்துவ ஜனநாயக ஒன்றியத்தின் சார்பில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பழைமை பேணும் அரசியலுக்குப் பெரும் நிலைக்களனாக விளங்கிய கட்சி அது. 1990 வரை அவர் தொடர்ந்து உறுப்பினராக இருந்தார்.

மேடையில் முழங்கிப் பெயர் பெற்றவர் அல்லர் யென்னிங்கர். கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் அன்றாட அலுவல்களை நடத்துவது, வாக்கெடுப்புகளுக்கு உறுப்பினர்களை ஒருங்கு திரட்டுவது, எதிர்க்கட்சியினரோடு நடைமுறை உடன்பாடு காண்பது ஆகியவற்றில் அவர் வல்லவர். ஹெல்மூட் கோலின் நம்பிக்கைக்கு உரியவராக விளங்கினார். 1982இல் கோல் தலைமை அமைச்சரானபோது, யென்னிங்கர் அவரது அலுவலகத்தில் இணையமைச்சர் ஆனார். கிழக்கு ஜெர்மனியுடனான உறவுகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு. 1983இல் கிழக்கு ஜெர்மனிக்கு நூறு கோடி மார்க் கடனுக்கும், 1984இல் 95 கோடி மார்க் கடனுக்கும் மேற்கு ஜெர்மனி பொறுப்பேற்றது. பொதுவுடைமை அரசை வன்மையாக எதிர்த்து வந்த கட்சியே அவ்வரசின் பணமுடையைத் தீர்க்க உதவியதும், அதற்கு ஈடாக மக்களின் போக்குவரவில் சில தளர்வுகள் கிடைத்ததும் அன்று பெரிதும் பேசப்பட்டன. அப்பேச்சுவார்த்தைகளில் யென்னிங்கருக்கு முக்கியப் பங்கு உண்டு.

1984ஆம் ஆண்டு இறுதியில், நாடாளுமன்றத் தலைவராக இருந்த ரைனர் பார்ட்செல் பணத் தொடர்பான அரசியல் சர்ச்சையொன்றில் சிக்கிப் பதவி விலகினார். அவருக்குப் பின் நவம்பர் 5ஆம் நாள் யென்னிங்கர் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் நாடுகளில் சபாநாயகர் என்று வழங்கும் பதவிக்கு ஒப்பானது அது. ஜெர்மானிய அரசு வரிசையில் அதிபருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது. அப்பதவியில் இருப்பவர் பேசும்போது, ஒரு கட்சிக்காரரின் குரலாக அது கேட்பதில்லை. அவையின் குரலாகவே, ஏன், நாட்டின் குரலாகவே கேட்கும். இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நினைவுகூரப்பட்ட நிகழ்வு

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவும் 10ஆம் நாளும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்கள்மீது நாஜிக் கட்சியினர் திட்டமிட்ட வன்முறையை ஏவினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதத் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன அல்லது சிதைக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் சூறையாடப்பட்டன. நாஜிகளே ஒப்புக்கொண்ட கணக்கின்படி 91 பேர் கொல்லப்பட்டனர். உண்மையான எண்ணிக்கை அதனினும் மிகுதி. ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் டாகாவ், புக்கன்வால்ட், சாக்சன்ஹவுசன் ஆகிய வதைமுகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவ்வளவும் செய்தபின், இழப்புக்கு ஈடு என்ற பெயரில் யூதர்கள்மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது.

இக்கொடுமையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1988 நவம்பர் 10ஆம் நாள் பான் நகரில் நாடாளுமன்றம் கூடியது. யூதர்களின் மத்திய மன்றத் தலைவர் ஹைன்ஸ் காலின்ஸ்கி அவையில் பேச வேண்டும் என்று பசுமைக் கட்சியினர் விரும்பினர். அவைத்தலைவர் தாமே பேசுவதென முடிவாயிற்று. கூட்டத்தின் தொடக்கத்தில், நாஜிக் காலத்துத் துன்பங்களிலிருந்து உயிர்தப்பிய யூத நடிகை இடா ஏரெ, வதைமுகாம்களைப் பற்றிப் பால் செலான் எழுதிய புகழ்பெற்ற கவிதையை வாசித்தார். அவை உறைந்திருந்தது. அதன்பின் யென்னிங்கர் எழுந்து, எழுதிக் கொணர்ந்த உரையைப் படிக்கத் தொடங்கினார். சிறிது நேரத்திலேயே குறுக்கீடுகள் எழுந்தன. உரை நீள நீள, பல்வேறு கட்சிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50 உறுப்பினர்கள் அவையை விட்டு வெளியேறினர்.

உரையின் உள்ளடக்கம்

அவ்வுரையை அச்சில் படிப்போர் வியப்படைவர். நாஜி ஆட்சியைப் போற்றும் ஒரு வரியும் அதில் இல்லை. 1938 நவம்பரில் நடந்ததை எல்லாரும் கண்டனர், மிகப் பெரும்பாலோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய் மூடியிருந்தனர், திருச்சபைகளுங்கூட வாய் திறக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். கொடுமைகள் எவரிடையே நிகழ்ந்தனவோ அவர்களே நினைவுகூரவும் கணக்குக் கொடுக்கவும் வேண்டும்; அச்சுமை பாதிக்கப்பட்டோருடையதன்று; அதனாலேயே நாடாளுமன்றம் கூடியிருக்கிறது என்றும் விளக்கினார். யூதர்களைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுக் கொன்றதை நேரிற் கண்ட ஜெர்மானியர் ஒருவரின் சாட்சியத்தை நீளமாகப் படித்தார். அப்படுகொலைகளைப் பெருமையாகப் பேசிய நாஜித் தலைவர் ஹிம்லரின் சொற்களையும் எடுத்துக்காட்டினார்.

அவர் தமக்கு இட்டுக்கொண்ட பணி கடினமானது. பண்பட்ட ஒரு நாட்டின் மக்கள் இட்லரை ஏன் பின்பற்றினர்? இவ்வினாவை விளக்க, அன்றைய பொதுமனிதனின் மனத்துக்குள் புகுந்து பார்க்க அவர் முயன்றார். 1933 முதல் 1938 வரை இட்லர் பெற்ற வெற்றிகளை அடுக்கினார்: சார் பகுதியின் மீட்பு, இங்கிலாந்துடன் கடற்படை உடன்பாடு, பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டுகள், ஆஸ்திரிய இணைப்பு, மியூனிக் ஒப்பந்தம். அவ்வெற்றி ஊர்வலத்துக்கு வரலாற்றில் இணை காண்பது அரிது என்றார். அதனைக் குறிக்க 'ஃபாசினோசும்' என்னும் சொல்லைக் கையாண்டார். மனத்தைப் பற்றி ஈர்த்து மயக்குவது என்பது அதன் பொருள். மயக்குவது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவையில் அமர்ந்திருந்தோர் பலருக்கு அது புகழ்ச்சியாகவே ஒலித்தது.

அடுத்து வந்த பகுதிதான் பெரும் இடராயிற்று. யூதர்களைப் பொறுத்தவரை, தங்களுக்கு உரியதல்லாத ஓர் இடத்தை அவர்கள் முன்பு தாமே எடுத்துக்கொண்டிருக்கவில்லையா. இனியேனும் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டியவர்கள் அல்லரா. தங்கள் எல்லைக்குள் நிறுத்தப்படுவதற்கு ஒருவேளை தகுதியானவர்களாகவே இருந்தார்கள் அல்லவா என்று வினாக்களை அடுக்கினார். இவை யென்னிங்கரின் வினாக்கள் அல்ல. 1930களில் வாழ்ந்த சராசரி ஜெர்மானியன் தன் மனத்துக்குள் கேட்டுக்கொண்ட வினாக்கள். அவர் அவற்றைப் படம்பிடித்துக் காட்டினார். காட்டுகிறார் என்பது கேட்டவர் பலருக்குத் தெரியவில்லை.

இலக்கணச் சிக்கல்

பிறர் கூற்றை எடுத்துரைக்க மொழிகளில் இரு வழிகள் பொதுவாக உண்டு: நேர்க்கூற்று, அயற்கூற்று. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சொன்னவரையோ எண்ணியவரையோ சுட்டாமல், 'என்று' போன்ற சொல்லும் இல்லாமல், அவர் எண்ணத்தை எழுத்தாளரின் நடையிலேயே கலந்து சொல்வது அது. ஃபிரெஞ்சு மொழியியலறிஞர் அதனைக் 'கட்டற்ற அயற்கூற்று' என்றனர். ஜெர்மானிய அறிஞர் எட்டியென் லோர்க் 1921இல் அதற்கு 'வாழ்ந்துணரும் பேச்சு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

தமிழ்ச் சிறுகதைகளிலும் இவ்வழக்கு நிரம்ப உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்: "கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். பேருந்து இன்னும் வரவில்லை. இன்றும் தலைமையாசிரியரிடம் ஏச்சு வாங்க வேண்டுமா?" இறுதி வாக்கியத்தில் வினவுபவன் கண்ணன், கதாசிரியர் அல்லர். 'என்று எண்ணினான்' என்பது அங்கே இல்லை. ஆயினும் எந்த மாணவனும் தடுமாறுவதில்லை. கதை என்பதும், கண்ணன் கதைமாந்தன் என்பதும், கதாசிரியர் அவன் மனத்துக்குள் புகுந்து எழுதுகிறார் என்பதும் வாசகனுக்கு முன்பே தெரியும். அந்த முன்னறிவே இங்கு மேற்கோள் குறியின் வேலையைச் செய்கிறது.

யென்னிங்கர் கையாண்டது இவ்வுத்தியையே. ஆனால் நாடாளுமன்ற மேடை சிறுகதை அன்று. அங்கே பேசுபவர் சொல்வதெல்லாம் பேசுபவருடையது என்றே அவை கொள்ளும். வேறொருவருடையதாயின் அதற்குக் குறிப்புத் தர வேண்டும். அவர் ஒரு குறிப்புத் தந்தார். 'அன்று இவ்வாறு பேசப்பட்டது' என்று பொருள்படும் சிறு தொடரை முதல் வினாவின் இடையில் வைத்தார். அச்சில் அது இரு கோடுகளுக்கு நடுவே தெளிவாகத் தெரிகிறது. அடுத்தடுத்த வினாக்களில் அக்குறிப்பு இல்லை. படிப்பவர் கண் பின்னோக்கிச் சென்று அதனைத் தேடிக்கொள்ளும். கேட்பவர் செவிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஜெர்மானிய மொழியில் இதற்கெனவே ஒரு கருவி இருப்பது இங்குக் கருதத்தக்கது. 'அவர் நோயுற்றிருக்கிறார்' என்பதை ஒருவர் தம் கூற்றாகச் சொல்லும்போது 'இஸ்ட்' என்னும் வினைவடிவம் வரும். வேறொருவர் சொன்னதாகச் சொல்லும்போது 'சை' என்னும் வடிவம் வரலாம். இவ்வடிவத்தை வாக்கியந்தோறும் கையாண்டு, நீண்ட பத்தி முழுவதும் பிறர் கூற்றே என்று காட்டுவது அந்நாட்டுச் செய்தித்தாள்களின் வழக்கம். யென்னிங்கரின் வினாக்களில் அவ்வடிவம் இல்லை. இயல்பான இறந்தகால வினைவடிவங்களே அமைந்திருந்தன. அவ்வமைப்பு கட்டற்ற அயற்கூற்றின் இலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்தியது. பொருந்தியதனாலேயே அது அவருடைய சொந்தக் கூற்றிலிருந்து பிரித்தறிய இயலாததாகவும் ஆயிற்று.

தமிழில் இதே கருத்தைச் சொல்ல முற்படுவோர்க்கு வழிகள் பல. 'என்று அக்காலத்தார் எண்ணினர்' எனலாம். 'அவர்கள் எல்லை மீறிவிட்டார்களாம்' என 'ஆம்' ஒட்டிச் சொல்லலாம். அவ்வோர் ஒட்டே, 'இது கேள்விப்பட்டது. இதற்கு நான் பொறுப்பல்லேன்' என்று உணர்த்திவிடும். தொல்காப்பியர் பிறர் கருத்தைச் சுட்ட 'என்ப', 'என்மனார்' என முடிக்கும் வழக்கும் நாம் அறிந்ததே. ஆயினும் தமிழிலும் ஓர் இடர் உண்டு. நம் மொழியில் 'என்று' என்பது கூற்றுக்குப் பின்னரே வரும். மேற்கோள் நீண்டுவிட்டால், அது யாருடையது என்பது இறுதியில்தான் தெரியும். அதுவரை கேட்போர் அதனைப் பேசுபவரின் கருத்தாகவே கொள்ளக்கூடும். ஆகவே நீண்ட மேற்கோளைச் சொல்லும் தமிழ்ப் பேச்சாளர், 'அன்றைய மக்கள் எண்ணியது இது' என்று முன்னரே அறிவித்துவிடுதல் நன்று.

உரையின் இசையும் இதில் ஒரு கூறு. எழுத்தில் மேற்கோள் குறி செய்யும் வேலையைப் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் செய்ய வேண்டும். ஓர் இடைநிறுத்தம், குரலில் ஒரு மாற்றம், தாளிலிருந்து நிமிர்ந்து அவையை நோக்கும் ஒரு பார்வை ஆகியவை அதற்குப் போதும். யென்னிங்கர் முழு உரையையும் ஒரே சீரான குரலில் படித்தார். தம் கருத்தையும் தாம் வெறுத்த கருத்தையும் ஒரே தொனியில் ஒலித்தார்.

'நாம்' யார்?

கட்டற்ற அயற்கூற்றே முழுக் காரணம் என்று சொல்லிவிட்டால், யென்னிங்கரை வெறும் இலக்கண விபத்துக்கு ஆளானவராக ஆக்கிவிடுவோம். அது நடுநிலை ஆகாது. உரையின் முதல் வாக்கியங்களிலேயே வேறொரு சிக்கல் இருந்தது.

ஜெர்மனியிலும் உலகெங்கிலும் உள்ள யூதர்கள் இன்று அந்நிகழ்வுகளை நினைவுகூர்கிறார்கள் என்று தொடங்கி, ஜெர்மானியராகிய தாங்களும் நினைவுகூர்வதாகத் தொடர்ந்தார். இங்கே அவர் சொன்ன தன்மைப் பன்மைச் சொல் 'வீர்' என்பது. அச்சொல்லுக்குள் கேட்போர் அடங்குவரா அடங்காரா என்பதை ஜெர்மானிய இலக்கணம் காட்டுவதில்லை. தமிழ் காட்டும். கேட்போரையும் உட்படுத்தினால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கும் வேறுபாடு இதுவே.

யென்னிங்கரின் முதல் வாக்கியங்களைத் தமிழாக்க முயல்வோர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். 'யூதர்கள் நினைவுகூர்கிறார்கள், ஜெர்மானியராகிய நாங்களும் நினைவுகூர்கிறோம்' என்றால், ஜெர்மனியில் பிறந்து ஜெர்மானியமே தாய்மொழியாகக் கொண்ட யூதர் எந்தப் பக்கத்தில் நிற்பார்? அவரை ஜெர்மானியர் என்னும் வட்டத்திலிருந்து வெளியே தள்ளியதுதான் நாஜிகள் செய்த முதற்குற்றம். அக்குற்றத்தை வருந்தி நினைவுகூரும் உரையே அப்பிரிவினையைத் தன்னையறியாமல் மீண்டும் வரைந்துவிட்டது. பேசியவர் உள்ளத்தில் அந்நோக்கம் இருந்ததாக நாம் கருதவில்லை. குற்றம் செய்தோரின் வழிவந்தவர்கள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். எனினும், அங்கே அமர்ந்திருந்த யூதர்களின் செவியில் அது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவையில் எழுந்த மனக்கசப்புக்கு இலக்கணத்தினும் ஆழமான காரணம் உண்டு என்பது தெளிவாகும்.

இடமும் காலமும் மற்றொரு கூறு. அது நினைவேந்தல் நாள். துயர நாளில் முதலில் துன்புற்றவர் குரல் கேட்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பர். யென்னிங்கரின் உரையிலோ பெரும்பகுதி, துன்புறுத்தியோரும் பார்த்திருந்தோரும் எவ்வாறு சிந்தித்தனர் என்பதைப் பற்றியது. பல்கலைக்கழக விரிவுரைக்கு அது ஏற்ற பொருள். இழவு வீட்டில், கொன்றவன் மனநிலையை ஆராய்வது பொருந்துமா?

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். அதே கட்சியைச் சேர்ந்தவரும் அந்நாளைய அதிபருமான ரிஷார்ட் ஃபான் வைட்செக்கர், 1985 மே 8ஆம் நாள், போர் முடிந்த நாற்பதாம் ஆண்டு நிறைவில் அதே நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். அவரும் கடுமையான உண்மைகளையே கூறினார். அந்நாள் ஜெர்மானியருக்கும் விடுதலை நாளே என்றார். அது அன்று பழைமை பேணுவோர் பலருக்குக் கசப்பான சொல். ஆனால் அவர் உரையின் முற்பகுதியில் இறந்தோரை வரிசையாக நினைவுகூர்ந்தார். யூதர்கள், சோவியத் மக்கள், போலந்து மக்கள், ரோமா மக்கள் எனத் தனித்தனியே சுட்டினார். யாருக்காகப் பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதில் ஐயம் எழவில்லை. அவ்வுரை உலகெங்கும் பாராட்டப்பட்டது. இரு உரைகளின் அறநோக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவற்றின் ஊழ் வெவ்வேறாயிற்று.

கேட்டவர் பொறுப்பு

சொன்னவரை மட்டும் ஆராய்ந்தால் போதாது. கேட்டவர்களையும் ஆராய வேண்டும். இடா ஏரெ கைகளால் முகத்தை மூடி அமர்ந்திருக்கும் ஒளிப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. யென்னிங்கரின் சொற்களைக் கேட்டு அவர் மனம் உடைந்ததாக மக்கள் கருதினர். கவிதையை வாசித்த களைப்பும் அதன் தாக்கமுமே தம்மை ஆட்கொண்டிருந்தன, உரையைத் தாம் ஊன்றிக் கேட்கவில்லை என்று அவரே பின்னர் விளக்கினார். ஆனால் விளக்கத்துக்கு முன்பே படம் பரவிவிட்டது. வெளியேறியோர் உரையின் பிற்பகுதியைக் கேட்கவில்லை. வெளிநாட்டு ஏடுகள் சில, அவர் இட்லரைப் போற்றினார் என்றே எழுதின. நவம்பர் 11ஆம் நாள் யென்னிங்கர் பதவி விலகினார். அதே மாதத்தில் ரீட்டா சூஸ்முத் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஒன்று மொழியியலார் மறக்க முடியாதது. பின்னாளில் யூதர்களின் மத்திய மன்றத் தலைவரான இக்னாஸ் பூபிஸ், 1989இல் பிராங்க்பர்ட் நகர யூதத் தொழுகைக்கூடத்தில் நினைவேந்தல் உரை ஆற்றினார். யென்னிங்கரின் உரைப் பகுதிகளை அப்படியே எடுத்துத் தம் உரையில் சேர்த்துக்கொண்டார். எவரும் மறுப்புக் கூறவில்லை. எவருக்கும் ஐயமும் எழவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவரே இதனை வெளிப்படுத்தினார்.

இதனால் உரை பழுதற்றது என்று ஆகிவிடாது. பூபிஸ் நாஜிக் கொடுமையில் தந்தையை இழந்து, தாமும் உயிர்தப்பி வந்தவர். 'அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள் அல்லவா' என்னும் வினா அவர் வாயிலிருந்து வரும்போது, அது பிறர் வினா என்பது சொல்லாமலே விளங்கும். பேசுபவர் யார் என்பதே அங்கு மேற்கோள் குறியாகிவிட்டது. ஜெர்மானிய அரசின் உயர்பீடத்தில் இருந்தவர் வாயிலிருந்து வரும்போது அப்பாதுகாப்பு இல்லை. சொல்லின் பொருள் சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவர், கேட்பவர், இடம், காலம் ஆகிய நான்கோடும் சேர்ந்தே பொருள் பிறக்கிறது. பயன்வழியியல் என்று இன்று நாம் அழைக்கும் துறையின் அடிப்படை இதுவே.

பிற்கால வாழ்வு

1990இல் நாடாளுமன்ற வாழ்விலிருந்து விலகிய யென்னிங்கர், 1991 முதல் 1995 வரை ஆஸ்திரியாவிலும், பின்னர் 1997 வரை வத்திக்கானிலும் ஜெர்மனியின் தூதராகப் பணியாற்றினார். சொற்களை அளந்து பேச வேண்டிய பணி அவரை நம்பி ஒப்படைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. 2018 ஜனவரி 4ஆம் நாள் தம் 85ஆம் வயதில் காலமானார். இதற்கிடையே மொழியியலாரும் வரலாற்றாசிரியரும் அவருடைய உரையைப் பலமுறை ஆராய்ந்தனர். அவர் நாஜிச் சார்புடையவர் அல்லர் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அவ்வுரை அந்நாளுக்கும் அவ்வவைக்கும் ஏற்றதா என்பதில் வேறுபாடு நீடிக்கிறது. நாடாளுமன்றத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆற்றிய பணி, கிழக்கு ஜெர்மனியுடன் நடத்திய பேச்சுகள், பின்னர்த் தூதராக ஆற்றிய தொண்டு ஆகிய அனைத்தும் ஓர் உரையின் நிழலில் மறைந்துபோயின.

வகுப்பறைக்குக் கொண்டுசெல்வது

யென்னிங்கர் எடுத்துக்கொண்ட வினா இன்றும் தேவையானது. நல்ல மனிதர்கள் தீமைக்கு ஏன் உடன்பட்டனர் என்பதை விளக்காமல் வரலாற்றைக் கற்பிக்க முடியாது. தீயவர்கள் தீமை செய்தனர் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், மாணவர்கள் தங்களை அவ்வரிசைக்கு அப்பாற்பட்டவர்களாகவே எண்ணிக்கொள்வர். ஆகவே, தவறான எண்ணத்தை உள்ளிருந்து காட்டுவது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று. அதனைக் காட்டும்போது அது தம்முடையது அன்று என்பதைச் செவிக்குப் புலப்படுத்துவதும் அக்கடமையின் பகுதியே.

இதனைக் கற்பிக்க வேறு பாடநூல் வேண்டியதில்லை. பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர், எதிர்த்தரப்புக் கருத்தை எடுத்துச் சொல்லும் இடங்களைத் தாளில் அடையாளமிட்டு, அங்கே குரலை மாற்றிப் பழகலாம். 'என்று சிலர் கருதுகின்றனர்' என்பதை ஒருமுறை சொல்லிவிட்டுப் பத்து வாக்கியங்களை அடுக்காமல், இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நினைவூட்டலாம். கட்டுரை எழுதியபின் அதனைக் கண் மூடிய நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டி, எந்த வாக்கியம் யாருடையது என்று கேட்கலாம். அவர் தடுமாறும் இடத்தில் மேற்கோள் குறி மட்டும் போதவில்லை என்று பொருள்.

'நாம்', 'நாங்கள்' என்னும் இரு சொற்களையும் இன்னும் கருத்தோடு ஆள வேண்டும். பல இனத்தாரும் சமயத்தாரும் ஒரே வகுப்பறையில் அமரும் நம் நாடுகளில், எவரை உள்ளே சேர்க்கிறோம், எவரை வெளியே நிறுத்துகிறோம் என்பதை அவ்விரு சொற்களும் உடனுக்குடன் காட்டிவிடுகின்றன. ஜெர்மானிய மொழி தராத அவ்வசதியைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது. மொழி தந்த வசதி பேசுபவருக்குப் பொறுப்பும் ஆகும்.

கேட்போர்க்கும் ஒன்று உண்டு. ஒரு வாக்கியம் நம்மைச் சினங்கொள்ளச் செய்தால், அது யாருடைய வாக்கியம் என்று ஒருமுறை வினவிப் பார்த்தபின் சினம் கொள்வோம். அன்று பான் நகரில் அவ்வினாவுக்கு இடம் கொடுக்கப் பேசியவரும் தவறினார். கேட்டவர் பலரும் தவறினர். நேர்க்கூற்றும் அயற்கூற்றும் தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் பாடம் என்று எண்ணும் மாணவருக்கு, பிலிப் யென்னிங்கரின் கதையை ஆசிரியர் ஒருமுறை சொல்லிக் காட்டலாம்.